மணிக்கூட்டுக்காரரின் கதவைத் தட்டியவர்கள்

போன லீவுக்கு உப்புவெளிக்கு வந்தபோது அப்பாவின் கைமணிக்கூடு நின்றுபோயிருந்தது. செய்கோ 5. பெரியப்பா சவூதியில் இருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. என்னைவிட வயது கூடியது. பற்றரி இல்லை, கட்டியிருக்கிற கை அசைய அசைய உள்ளே ஸ்பிரிங் தானாக முறுகிக்கொள்ளும். அப்பா அதைக் கட்டிக்கொண்டே கடலில் குளிப்பார். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார்.

டவுனில் இரண்டு கடையில் காட்டினேன். இரண்டு இடத்திலும் பற்றரி மாற்றுவார்கள், பட்டி மாற்றுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவது கடைப் பொடியன்தான் சொன்னான், "உதைத் திறக்கிற ஆள் இப்ப ஒரே ஒருத்தர்தான் அக்கா, மத்திய வீதியில ஒரு ஐயா இருக்கிறார்" என்று. போனேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் செருகிய சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. ஐயா பின் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டு, "உப்பு போயிற்று பிள்ளை" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "இருந்து பாக்கப்போறீங்களா?" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். இடையில் ஒரு கேள்வி கேட்டேன்: "ஐயா, ஆராவது வேலை பழக வாறாங்களா?" அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "கடைசியா ஒருத்தன் வந்தவன். ஆறு மாசம் நிண்டவன். பிறகு கட்டாருக்குப் போயிற்றான்."

அந்தக் கேள்வியும் பதிலும் மண்டைக்குள் கிடந்த நேரத்தில்தான், கம்பஸில் கடல்வழி வணிகம் பற்றிய பாடத்துக்காக நெட்டாங்கு வரலாற்றை வாசிக்க வேண்டி வந்தது. அதில் எல்லாரும் சொல்லும் கதை ஜோன் ஹரிசனுடையது. டாவா சோபலின் 'லோஞ்சிற்யூட்' (1995) என்ற புத்தகத்துக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது: படிக்காத தச்சன் ஒருவன் தனியாளாக நின்று, பெரிய வானியலாளர்களின் சூழ்ச்சியை எல்லாம் வென்று, கடலில் நேரம் காட்டும் மணிக்கூட்டைச் செய்தான். நல்ல கதைதான். ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஹரிசனைவிட அவருடைய கதவைத் தட்டியவர்கள்தான் முக்கியமாகப் பட்டார்கள். அவர் யாரைப் பார்க்கப் போனார், யார் அவரைப் பார்க்க வந்தார்கள், வந்தவர்களுக்கு எதைக் காட்டினார், எதை ஒளித்தார்? அந்தச் சந்திப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் "தனியாள்" கதை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

நாலு நிமிடம் பிழைத்தால்

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் அகலாங்கு கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. நண்பகல் சூரியனின் உயரத்தையோ வடமீனின் உயரத்தையோ அளந்தால் போதும். நெட்டாங்கு அப்படி இல்லை. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை, நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. நீங்கள் நிற்கும் இடத்தில் இப்போது நண்பகல். இதே கணத்தில் புறப்பட்ட துறைமுகத்தில் என்ன நேரம் என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நெட்டாங்கு. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடலில் கொண்டுபோக ஒரு மணிக்கூடு வேண்டும். ஆனால் அந்தக் காலத்தின் நல்ல மணிக்கூடு எல்லாம் ஊசல் மணிக்கூடு. ஆடுகிற கப்பலில் ஊசல் என்ன செய்யும்? வெயிலில் உலோகம் நீளும், குளிரில் எண்ணெய் இறுகும்.

எங்கள் ஊரை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருகோணமலையின் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர். மணிக்கூடு நாலு நிமிடம் பிழைத்தால், கொட்டியார்குடாவில் நிற்கும் கப்பல் வரைபடத்தில் அனுராதபுரத்தையும் தாண்டிக் காட்டுக்குள் நிற்கும். பகிடி மாதிரி இருக்கிறது. ஆனால் 1707இல் பிரித்தானியக் கடற்படையின் நாலு கப்பல்கள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1714இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது: அரைப் பாகைக்குள் நெட்டாங்கு சொல்லும் வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண். தீர்ப்புச் சொல்ல ஒரு நெட்டாங்குச் சபையும் அமைந்தது.

1730: காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை

ஜோன் ஹரிசன் 1693இல் பிறந்தவர். தகப்பன் தச்சன், இவரும் தச்சன். லிங்கன்ஷயரின் பரோ என்ற கிராமத்தில் மரத்திலேயே மணிக்கூடு செய்தார். சில இடங்களில் தானே எண்ணெய் கசியும் ஒரு வகை வைரமரத்தைப் போட்டு, எண்ணெயே தேவையில்லாமல் ஓடவைத்தார். 1730இல் கடல் மணிக்கூட்டுக்கான திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். முதலில் பார்த்தது எட்மண்ட் ஹாலியை. வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. அவர், "இதை நான் விளங்கிக்கொள்வதைவிட ஜோர்ஜ் கிரஹாம் நன்றாக விளங்கிக்கொள்வார், அவரிடம் போ" என்ற மாதிரிச் சொல்லி அனுப்பினார்.

கிரஹாம் அந்தக் காலத்து லண்டனின் தலைசிறந்த மணிக்கூட்டுக்காரர். ஹரிசனுக்குப் பயம்: ஒரு மணிக்கூட்டுக்காரனிடமே என் யோசனையைக் காட்டினால் களவெடுத்துவிட்டால்? ஆனால் போனார். காலை பத்து மணிக்குத் தொடங்கிய கதை இரவு எட்டு மணி வரை போனதாக ஹரிசனே பிறகு எழுதினார். கடைசியில் கிரஹாம் சாப்பாடும் போட்டு, வேலையைத் தொடங்கப் பணமும் கொடுத்தார். பிணையும் இல்லை, வட்டியும் இல்லை.

இந்த ஒரு நாள் இல்லாவிட்டால் ஹரிசன் இல்லை. தனியாள் கதையில் இது ஒரு பக்கத்தில் வந்து போய்விடும். நான் அங்கேயே கனநேரம் நின்றுவிட்டேன். போட்டியாளனாக இருந்திருக்க வேண்டிய ஒருவர் பத்து மணித்தியாலம் இருந்து கேட்டிருக்கிறார்.

1763: மூன்றைக் காட்டினார், ஒன்றை மறைத்தார்

அடுத்த முப்பது வருடம் முன்மாதிரிகளின் காலம். இன்று அவற்றை எச்1, எச்2, எச்3, எச்4 என்று அழைக்கிறார்கள். நாலுமே கிறீனிச்சில் இருக்கின்றன. எச்1 1735இல் முடிந்தது. 34 கிலோ. ஊசலுக்குப் பதிலாக, ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு தடிகள் எதிர் எதிராக ஆடும். கப்பல் சாய்ந்தால் ஒன்றுக்கு வரும் பிழையை மற்றது சரிக்கட்டும். 1736இல் அதை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரிந்த தரை எது என்பதில் கப்பல்காரர்களுக்கும் ஹரிசனுக்கும் கருத்து வேறுபாடு. ஹரிசன் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அப்போதே பரிசைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவரே சபைக்கு முன்னால் நின்று, இது போதாது, இன்னும் நல்லதைச் செய்வேன் என்றார். எச்2 செய்தார், அதில் ஒரு அடிப்படைக் குறை தெரிந்ததும் கடலுக்கே அனுப்பவில்லை. எச்3இல் 19 வருடம் போயிற்று. அதுவும் நினைத்தபடி ஓடவில்லை. ஆனால் அதற்காகக் கண்டுபிடித்த இரண்டு விசயங்கள் இன்றும் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வெப்பத்துக்கு வளையும் இரட்டை உலோகப் பட்டி. பழைய ஸ்திரிக்கைப் பெட்டியில் சூடு ஏறினால் 'டிக்' என்று மின்சாரத்தை வெட்டுவது அதுதான். மற்றது, கூட்டுக்குள் அடைத்த உருளைகளின் மேல் சுழலும் தாங்கி. சைக்கிள் சில்லு வரை அதன் பரம்பரை.

1763இல் பிரான்சில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஏழாண்டுப் போர் முடிந்து சில மாதம்தான். கணிதவியலாளர் காமு, மணிக்கூட்டுக்காரர் ஃபெர்டினான்ட் பெர்த்து, வானியலாளர் லலாண்ட். ஹரிசன் அவர்களுக்கு மூன்று பெரிய இயந்திரங்களையும் காட்டினார். நாலாவதைக் காட்டவில்லை.

ஏனென்றால் நாலாவதில்தான் விசயம் இருந்தது. 1753இல் ஜோன் ஜெஃப்ரிஸ் என்ற மணிக்கூட்டுக்காரர் ஹரிசனின் சொந்தப் பாவனைக்கு, ஹரிசன் சொன்ன முறைப்படி, ஒரு பொக்கற் மணிக்கூடு செய்து கொடுத்தார். அது எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. வருடக்கணக்காகப் பெரிய இயந்திரங்களோடு மாரடித்தவருக்குச் சின்னது, வேகமாக அடிப்பதுதான் வழி என்று அது காட்டியது. 1759இல் முடிந்த எச்4 ஒரு பெரிய பொக்கற் மணிக்கூடுதான்: 13 சென்ரிமீற்றர் அகலம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, செக்கனுக்கு ஐந்து அடி. 1761இல் மகன் வில்லியம் அதை யமேக்காவுக்குக் கொண்டுபோனார். அது நாளுக்கு எவ்வளவு பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்த கணக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 81 நாளில் பிழை 5 செக்கன். தூரத்தில் சொன்னால் இரண்டு கிலோமீற்றர் சொச்சம்.

1765: மேசையில் பிரித்து வைத்த நாட்கள்

சபை நம்பவில்லை. யமேக்காவின் நெட்டாங்கே சரியாகத் தெரியாது, பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது? தற்செயலாகவும் இருக்கலாமே? 1764இல் பார்படோசுக்கு இரண்டாவது பயணம். 47 நாளில் 39 செக்கன் பிழை. 20,000 பவுணுக்குச் சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு நுட்பம்.

இந்த இடத்தில்தான் வழமையான கதை நெவில் மஸ்கெலின் என்ற வில்லனைக் கொண்டுவரும். 1765இல் அரச வானியலாளராக வந்தவர். சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து நெட்டாங்கு கண்டுபிடிக்கும் முறையின் ஆதரவாளர். அவர் ஹரிசனிடம் நியாயமாக நடந்தார் என்று நான் சொல்லமாட்டேன். 1766இல் ஹரிசனின் வீட்டுக்கு வந்து இயந்திரங்களை எடுத்துப்போனபோது, அவருடைய ஆட்கள் எச்1ஐக் கீழே போட்டார்கள். ஆனால் சந்திரமுறைக்கு ஒரு நியாயம் இருந்தது. கோணம் அளக்கும் கருவியும் ஒரு பஞ்சாங்கமும் இருந்தால் எந்தக் கப்பல்காரனும் செய்யலாம். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற மணிக்கூட்டை வைத்து எத்தனை கப்பலை நடத்துவது?

சபை கேட்டதும் அதுதான்: இதை இன்னொருத்தர் செய்யலாமா? 1765 ஓகஸ்டில், லண்டனில் ஹரிசனின் வீட்டில், ஆறு பேர் கொண்ட குழு கூடியது. மைக்கல், லட்லம் என்ற இரண்டு கல்விமான்கள். பேர்ட் என்ற கருவி செய்பவர். தோமஸ் மட்ஜ், வில்லியம் மத்யூஸ், லார்கம் கெண்டல் என்ற மூன்று மணிக்கூட்டுக்காரர்கள். மஸ்கெலினும் பக்கத்தில் இருந்தார். எழுபத்திரண்டு வயதான ஹரிசன், அதுவரை ஒளித்து வைத்ததை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, எது எதற்கு என்று விளக்கினார். ஏறத்தாழ ஒரு கிழமை.

இந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இப்பவும் முடிவில்லை. ஒரு பக்கம் அவமானம். கடலில் நிரூபித்த பிறகும் மேசையில் நிரூபி என்கிறார்கள். அதுவும் போட்டியாளர்களுக்கு முன்னால். மறுபக்கம், அந்த மேசையில் இருந்த ஒருவருடைய கையால்தான் ஹரிசனின் வேலை அவருக்குப் பிறகும் இருந்தது. கெண்டல். அவர் யாரிடம் தொழில் பழகியவர் தெரியுமா? அதே ஜோன் ஜெஃப்ரிஸிடம். மட்ஜ் யாரிடம் பழகியவர்? அதே ஜோர்ஜ் கிரஹாமிடம். அந்த ஆறு பேரை அந்நியர்கள் என்று நினைத்து வாசித்துக்கொண்டு போன எனக்கு இது தெரிந்தபோது கதையே மாறிவிட்டது.

கெண்டல் எச்4இன் பிரதியை 1769இல் முடித்தார். கே1. கூலி 450 பவுண். ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது பயணத்தில் (1772-75) அதைத்தான் கொண்டுபோனார். கூடப்போன ஜோன் ஆர்னோல்டின் மூன்று மணிக்கூடுகளும் சரிவர ஓடவில்லை, கே1 ஓடியது. "இன்னொருத்தர் செய்யலாமா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஹரிசனும் தன் பங்குக்கு எச்5ஐச் செய்தார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் தானே அதைச் சோதித்துப் பார்த்தார். 1773இல் பாராளுமன்றம் 8,750 பவுண் கொடுத்தது. மூன்று வருடத்தில் ஹரிசன் இறந்தார்.

1766: சாப்பாட்டு மேசையில் போன இரகசியம்

இடையில் ஒரு சந்திப்பு. 1766இல் பெர்த்து திரும்ப வந்தார். எச்4ஐக் காட்ட ஹரிசன் 4,000 பவுண் கேட்டார். பெர்த்துவிடம் அவ்வளவு பணம் இல்லை. லண்டனில் இருந்த சக்சனித் தூதுவர் புரூல் பிரபுவின் வீட்டில் ஒரு விருந்து. அங்கே தோமஸ் மட்ஜ் இருந்தார். முந்தின வருடம் அந்த மேசையில் இருந்து பார்த்த மட்ஜ்தான். சாப்பாட்டோடு சாப்பாடாக எச்4 எப்படி ஓடுகிறது என்பதைப் பெர்த்துவுக்குச் சொல்லிவிட்டார். சபை விளக்கம் கேட்டபோது, இது எல்லாருக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதுதானே உங்கள் நோக்கம் என்று நினைத்தேன் என்றார்.

காட்டிக்கொடுத்தாரா, பகிர்ந்துகொண்டாரா? வரலாற்றில் இந்த இரண்டு சொல்லும் கனதரம் ஒரே செயலுக்குப் பேராக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு வந்த கடல் மணிக்கூடுகள், அதாவது குரோனோமீற்றர்கள், எச்4 மாதிரி இருக்கவில்லை. எச்4 மிகவும் சிக்கல். கே1இன் விலையே அதைச் சொல்லும். பிரான்சில் பியர் லெ ரோய் வேறு வழியில் யோசித்திருந்தார். இங்கிலாந்தில் ஆர்னோல்டும் தோமஸ் ஏர்ன்ஷோவும் எளிமையாக்கினார்கள். பட்டறை பட்டறையாகத் துண்டுகளைப் பிரித்துக் கொடுத்துச் செய்விக்கக்கூடிய வடிவம் வந்தது. விலை குறைந்தது. 1831இல் டார்வினோடு புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 குரோனோமீற்றர்கள் இருந்தன. ஹரிசன் நிரூபித்தது "முடியும்" என்பதை. எல்லாக் கப்பலிலும் இருக்கச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

எழுதி வைத்த ஒருவர்

இது பதினெட்டாம் நூற்றாண்டோடு முடிந்த கதை இல்லை. 1969 டிசம்பர் 25இல் செய்கோ, குவார்ட்ஸில் ஓடும் முதல் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. பத்து, பதினைந்து வருடத்தில் சுவிற்சர்லாந்தில் ஸ்பிரிங் மணிக்கூடு செய்த பட்டறைகள் கூட்டம் கூட்டமாக மூடின. அந்தக் காலத்தில்தான் ஜோர்ஜ் டானியல்ஸ் என்ற ஆங்கிலேயர், ஒரு மணிக்கூட்டின் அநேகமாக எல்லாத் துண்டுகளையும் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். எண்ணெய் காய்வதால் வரும் பிழையைக் குறைக்க ஒரு புது அமைப்பைக் கண்டுபிடித்தார். அதைப் பெரிய கம்பனிகளின் மணிக்கூடுகளுக்குள்ளேயே பொருத்தி, அந்த முன்மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு சுவிஸ் கம்பனிகளின் படியேறினார். 1999இல்தான் ஒமேகா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கிடையில், 1985இல், இவரைப் போலத் தனியாக வேலை செய்யும் மணிக்கூட்டுக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சர்வதேச அமைப்பையும் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் டானியல்ஸ் ஹரிசன் செய்யாத ஒன்றைச் செய்தார். ஹரிசன் 1775இல் எழுதிய புத்தகம் வாசிக்க முடியாத சிக்கல். டானியல்ஸ் 1981இல் 'வோச்மேக்கிங்' என்று, மணிக்கூடு செய்வது எப்படி என்பதைப் படத்தோடு ஒழுங்காக எழுதி வெளியிட்டார். ரோஜர் ஸ்மித் என்ற இளைஞன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பொக்கற் மணிக்கூடு செய்து அவரிடம் கொண்டுபோனான். கையால் செய்தது போலத் தெரிகிறது, அப்படித் தெரியக்கூடாது, திரும்பச் செய் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதைச் செய்ய ஐந்து வருடம் எடுத்தது. 1998இல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு துண்டாக யார் செய்தது என்று கேட்டார். நான், நான், நான் என்றான். நீ இப்போது மணிக்கூட்டுக்காரன் என்றார். பிறகு தன் பட்டறைக்கே கூப்பிட்டார். டானியல்ஸ் 2011இல் இறந்தார். ஸ்மித் மான் தீவில் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்.

எங்கள் துறைமுகத்தில்

இதெல்லாம் லண்டன் கதை, திருகோணமலைக்கு என்ன என்று கேட்கலாம். சோழமண்டலக் கரையில், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு பெரிய கடற்படை ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. ஒக்டோபர் வந்தால் பிரித்தானியக் கப்பல்கள் மதராசை விட்டுப் பம்பாய்க்கு ஓடவேண்டும். அதனால்தான் எங்கள் துறைமுகத்துக்கு அவ்வளவு அடிபிடி. 1775இல் பதின்ம வயது மாலுமியாக நெல்சன் இங்கே வந்தார். 1782 ஒரே வருடத்தில் ஒல்லாந்தரிடம் இருந்து பிரித்தானியர், பிரித்தானியரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர் என்று கைமாறியது. 1795இல் பிரித்தானியர் திரும்பப் பிடித்து, 1957 வரை கடற்படைத் தளத்தை விடவில்லை. சரியான வரைபடமும் சரியான நேரமும் இல்லாமல் இவ்வளவு தூரத்தில் இருக்கிற துறைமுகத்தை இவ்வளவு காலம் வைத்திருக்க முடியாது. 1792இல் மதராசில் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழிலும் எழுதி வைத்தார்கள். அது எங்கள் ஆட்கள் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது இல்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களுக்கும் நில அளவைக்கும் கட்டியது. ஹரிசனுக்காகக் கண்ணீர் விடுகிற நாங்கள் இதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்த மணிக்கூடு எங்களிடம் துவக்கோடுதான் வந்தது.

மணிக்கூடு சரியாக ஓடினாலும் எந்த நேரத்தைக் காட்டுவது என்பது வேறு ஆட்களின் கையில். சூரியன் திருகோணமலையில் உச்சிக்கு வந்து ஐந்தரை நிமிடம் கழித்துத்தான் கொழும்பில் உச்சிக்கு வருகிறது. 1906இல் நாடு முழுக்கக் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய ஒரே நேரம் வந்தது. 1942இல், யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே வருடம், மணிக்கூட்டை இரண்டு தரம் முன்னுக்குத் தள்ளினார்கள். போர் முடிந்ததும் பழையபடி மாற்றினார்கள். 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு. மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. 2006 ஏப்ரல் வரை ஒரு தீவுக்குள் இரண்டு நேரம். "புது நேரமா, பழைய நேரமா எண்டு கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போவம்" என்று அப்பா இப்பவும் சொல்லுவார். அந்தப் பத்து வருடமும் இந்த செய்கோவைத்தான் கட்டியிருந்தாராம்.

ஸ்டூலில் இருந்து பார்த்தது

திரும்ப மத்திய வீதிக்கு வருகிறேன். அன்றைக்கு ஐயா மணிக்கூட்டுக்குள் இருந்து அரைவட்டத் தகடு ஒன்றைக் கழற்றினார். கை அசையும்போது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குவது அதுதான். நடுவில் கடுகைவிடச் சின்னக் குண்டுகள், ஒரு வளையத்துக்குள் அடைபட்டு நின்றன. "இதுக்குள்ளதான் உப்பு இறுகிப்போய்க் கிடக்கு" என்று இடுக்கியால் தொட்டுக் காட்டினார். அப்போது எனக்கு அது ஒரு வளையம், அவ்வளவுதான். எச்3 பற்றி வாசித்த பிறகுதான் விளங்கியது, பத்தொன்பது வருடம் உழைத்தும் தோற்றுப்போன ஒரு முன்மாதிரியின் பேரப்பிள்ளையைத்தான் அன்றைக்கு உப்புவெளி உப்போடு பார்த்திருக்கிறேன் என்று.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும் திரும்பப் போனேன். இந்த முறை ஒரு கொப்பியோடு. வேலை பழகுவதற்கு இல்லை. எனக்குக் கை நடுங்கும். ஐயா செய்வதை எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். சிரித்தார். "இதை எழுதி ஆர் பிள்ளை வாசிக்கிறது? என்ர மகன் போன் கடை வச்சிருக்கிறான். அவனும் இதே வேலைதான் செய்யிறான், சின்ன ஸ்குரூ, சின்னக் கண்ணாடி. நல்ல உழைப்பு." அதில் கவலை ஒன்றும் தெரியவில்லை. கவலைப்படுவது நான்தான் போல.

ஆனாலும் சொன்னார். எந்தத் துண்டை முதலில் கழற்ற வேண்டும், மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை எப்படி மெல்ல விடவேண்டும், விடாமல் கழற்றினால் என்ன நடக்கும், எண்ணெய் எந்த இடத்தில் விடக்கூடாது, கடல் பக்கத்து வீட்டுக்காரரின் மணிக்கூட்டில் எது முதலில் துருப்பிடிக்கும். கடைசியாகச் சொன்னது எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இருக்காது. நாற்பது வருடம் திருகோணமலையில் இருந்து மணிக்கூடு திறந்தவருக்குத்தான் தெரியும். அவர் பழகிய மாஸ்டர் முதல் இரண்டு வருடம் ஸ்குரூ கழற்றிப் பூட்ட மட்டும்தான் விட்டாராம். அந்த மாஸ்டருக்கு யார் பழக்கியது என்று கேட்டேன். டொக்யார்ட்டில் வேலை செய்த ஒருவர் என்றார். பேர் ஞாபகம் இல்லை.

கொப்பியில் இதுவரை பதினொரு பக்கம். பாதி அவர் சொன்னது, பாதி நான் கீறிய கோணல் படம். அடுத்த லீவுக்கு மிச்சம். அப்பாவின் மணிக்கூடு ஓடுகிறது. நாளுக்கு இருபது செக்கன் முந்துகிறது. கடலுக்குப் போகும்போது கழற்றி வைக்கச் சொல்லி ஐயா சொல்லிவிட்டார். அப்பா கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.